பத்து, ஐம்பத்துநாலு, எண்பது, பன்னிரண்டு

ஐப்பசி மழை தகரக் கூரையில் விடாமல் அறைந்துகொண்டிருந்த மதியம் மூன்று மணிக்கு, பங்கஜவல்லி சர்வர் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"மதிண்ணே, பிரிண்டருக்கு எதுவுமே போவ மாட்டேங்குது. அது பேரைத் தட்டுனா இந்த நம்பரைக் காட்டுது." உள்ளே வந்து துண்டுக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். 10.54.80.12.

மதியழகனுக்கு எரிச்சலாக வந்தது. அந்த மீன் ஏற்றுமதி கம்பெனியின் இருபது கணினிகளுக்கும் 192-ல் தொடங்கும் எண்களைக் கொடுத்தவனே அவன்தான். யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் அது இருக்கிற எண்ணைச் சொல்வது டி.என்.எஸ். சர்வரின் வேலை, அது பொய் சொன்னாலும் எல்லாம் அங்கேதான் போகும். பட்டியலைத் திறந்தான். பிரிண்டருக்கு நேரே சரியான எண்தான் இருந்தது. சேமிப்பில் தங்கிய பழைய பதில்களை அழித்துவிட்டு மறுபடி கேட்டான். 10.54.80.12.

அப்படி ஒரு மெஷினே கிடையாது. இருந்தும் அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று பிங் செய்து பார்த்ததும் பதில் வந்தது, 900 மில்லிசெகண்டில், வெகு தொலைவிலிருந்து வருவதுபோல.

ஏசிக் காற்றில் ஈர வலையின் வீச்சம் அடித்தது. அந்த எண் அவனுக்குத் தெரியும். போன வருஷம் புயலன்று, கம்பெனிப் படகில் போயிருந்த முத்தையன், மதியழகன் கவனித்துக்கொண்டிருந்த வயர்லெஸ்ஸில் கத்திச் சொன்ன இடம் அது: வடக்கே பத்து டிகிரி ஐம்பத்துநாலு, கிழக்கே எண்பது டிகிரி பன்னிரண்டு. "இஞ்சின் நின்னு போச்சுண்ணே, சீக்கிரம் ஆள அனுப்புங்க." காலையிலேயே வந்த புயல் எச்சரிக்கையைப் படகுகளுக்குச் சொல்ல மதியழகன் மறந்திருந்தான். முத்தையன் கரையேறினால் அது வெளியே வந்துவிடும். தேடப் போனவர்கள் இடம் கேட்டபோது, வெகு தெற்கே இருக்கிற கோடியக்கரைப் பக்கம் என்று பொய் சொன்னான். முத்தையனின் மனைவி பங்கஜவல்லி மூன்று நாள் கோடியக்கரை மணலில் காத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் கம்பெனி இரங்கி அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தது.

மறுபடி பிங். 400.

மேனேஜர் கணினியின் பெயரைக் கேட்டான். அதே எண். பதில் வர 90 மில்லிசெகண்ட். கேட் கணினி. அதே எண். 12.

நெருங்கி வந்துகொண்டிருந்தது.

கதவை இழுத்தான். அசையவில்லை. தன் கணினியின் பெயரைத் தட்டினான். 10.54.80.12. ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு.

தரை காய்ந்திருந்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். துப்பினான். மறுபடி நிறைந்தது. குரல் இல்லை. கதவைத் தட்டினான். மழை இரைச்சல்.

மேனேஜர் கைலாசநாதன் தன் அறையிலிருந்து கேட்டார். "மதி எங்கம்மா? நெட்வொர்க் மொத்தமும் படுத்துக் கெடக்கு."

கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்கு வெளியே பங்கஜவல்லி நின்றாள். மதியழகனின் கண்களைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"கோடியக்கரைப் பக்கம் போறேன்னு போனாருங்க சார்."

கண்ணாடியில் அவன் முகத்துக்குப் பின்னால், தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, முத்தையன் நின்றிருந்தான். பங்கஜவல்லி தன் புருஷனைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பிப் போனாள்.