கட்டைவிரலுக்கு வந்த நோய்

ஒரே மாலையில் இருநூறு படம் எடுத்தவள் என்று ஐந்தாம் வகுப்பில் அணிலுக்குப் பெரிய பெயர். நடக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஓடுவதால் அவளுக்கு அணில் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். படம் எடுப்பதிலும் அவள் ஓடித்தான் இருந்தாள். அது மட்டும் யாருக்கும் தெரியாது.

படம் கேட்டது ஒரு சின்ன நிறுவனம். டயர் கடைக்கு மேல், மாடியில் இரண்டு அறைகள். அதில் இரண்டே பேர். சேறு படிந்த பூட்ஸோடு எப்போதும் அலையும் பூட்ஸ் அக்கா பயிர் நோய்களைப் பற்றிப் படித்தவர். கண்ணாடி அண்ணன் கணினி ஆள். இலையைப் போனில் படம் பிடித்தால் அந்தச் செடிக்கு நோய் இருக்கிறதா என்று போனே சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு செயலியை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

"சின்னக் குழந்தைக்குப் படம் காட்டி, இது பூனை, இது நாய்னு சொல்லிக் குடுப்போம்ல? அதே மாதிரிதான். நிறைய இலையைக் காட்டினா போன் தானா கத்துக்கும்," என்று வகுப்புக்கு வந்து சொன்னார் பூட்ஸ் அக்கா. "ஒரு செடிக்கு ஒரு இலை. ஒரு இலைக்கு ஒரு படம். வெள்ளைத் தாள் மேல வச்சு எடுக்கணும். சரியா?"

மற்றவர்கள் எடுக்க வேண்டியது நல்ல தக்காளி இலை. அணிலுக்கு மட்டும் நோய் வந்த தக்காளி இலை.

அவள் வீட்டு மாடித் தொட்டியில் ஒரே ஒரு நோய்ச்செடி இருந்தது. அதில் கருகிய இலைகள் ஆறு. தோட்டம் தோட்டமாக யார் அலைவது? அம்மாவின் போனை வாங்கி, அந்த ஆறு இலைகளையே திருப்பியும் கவிழ்த்தும், வெயிலிலும் நிழலிலும் இருநூறு படம் எடுத்தாள். தாள் காற்றில் பறந்துகொண்டே இருந்தது. அதனால் ஒவ்வொரு இலையையும் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இருநூறா!" என்று கண்ணாடி அண்ணன் வாயைப் பிளந்தார். அவள் புகைப்படத்தை அலுவலகச் சுவரில் ஒட்டி, கீழே 'கழுகுக் கண்' என்று எழுதினார். அன்று முழுக்க அணிலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாதத்தில் செயலி தயாரானது. முதலில் அதைத் தக்காளி அத்தையிடம் கொடுத்தார்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் முந்நூறு தக்காளிச் செடி வைத்திருந்தவர் அவர். அந்தப் பக்கத்தில் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

பள்ளி விட்டதும் அணில் அங்கே ஓடினாள். தன் இருநூறு படமும் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டாமா?

அத்தை செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் ஒரு குவியல் கிடந்தது. வேர்களில் ஈர மண், கிளைகளில் பச்சைக் காய்கள்.

"அத்தை! ஏன் பிடுங்குறீங்க?"

"நோயாம். போன் சொல்லுது. மத்த செடிக்குப் பரவறதுக்குள்ள பிடுங்கணுமாம்."

அணில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று இருந்தது. "இது நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இருபது வருஷமா தக்காளி போடுறேன். ஆனா நம்ம கண்ணுக்கு என்ன தெரியும்? இது இருநூறு நோய் இலையைப் பார்த்துப் படிச்சதாம்."

இருநூறு என்று கேட்டதும் அணில் பிடித்திருந்த இலையை விட்டுவிட்டாள்.

"இப்ப பாரு," என்று அத்தை ஒரு இலையை விரலால் பிடித்துப் படம் எடுத்தார். 'இலைக்கருகல் நோய். செடியை உடனே அகற்றவும்' என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. இலைக்கு மேல் பெரிதாகத் தெரிந்தது அத்தையின் கட்டைவிரல்.

அணில் அந்த விரலையே பார்த்தாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து, அதே இலையை அதன்மேல் வைத்தாள். "இப்ப எடுங்க அத்தை."

'நலமான இலை' என்றது போன்.

"என்னடி இது, அதுக்குள்ள குணமாயிடுச்சா?"

அணில் தாளையும் இலையையும் தள்ளிவிட்டு, தன் கட்டைவிரலை மட்டும் நீட்டினாள். "இதை எடுங்க."

'இலைக்கருகல் நோய். செடியை உடனே அகற்றவும்.'

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப்பாவி! அப்போ உன்னைத்தான் முதல்ல பிடுங்கணும்!"

சிரித்து முடித்ததும் அவர் பார்வை குவியலின் மேல் போனது. சிரிப்பு நின்றது. "இருபத்து மூணு செடி," என்றார். "ஒரு வாரத்துல பழுத்திருக்கும்." பிறகு அணிலைப் பார்த்து, "நீ வந்ததால மிச்சம் தப்பிச்சுது. கெட்டிக்காரப் பிள்ளை," என்று ஒரு பழத்தை முந்தானையில் துடைத்துக் கொடுத்தார்.

அணில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடிக்க மனம் வரவில்லை. காது இரண்டும் சுட்டன. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அத்தை போன் செய்ததும் பூட்ஸ் அக்காவும் கண்ணாடி அண்ணனும் ஓடி வந்தார்கள்.

"உங்களை நம்பி என் கண்ணையே நான் நம்பலையே தம்பி!" என்றார் அத்தை. "சந்தையில ஒருத்தர் விடாம சொல்லப் போறேன், இந்தப் போன் பேச்சைக் கேட்காதீங்கன்னு."

பூட்ஸ் அக்கா குனிந்து ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"செயலியை எழுதினவன் நான்தான் அத்தை. எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன். மன்னிச்சுடுங்க. இந்த வேலையே எனக்கு வரலையோ என்னவோ."

யாரும் அணிலைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. வரப்பில் நாலு எட்டு வைத்தால் சாலை வந்துவிடும். அவளுக்குத்தான் ஓடத் தெரியுமே.

"அண்ணா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும், "அண்ணா, தப்பு உங்களோடது இல்லை. அது என் விரல்."

மூவரும் திரும்பினார்கள்.

"நான் இலையைத் தாள்ல வைக்கலை. கையில பிடிச்சு எடுத்தேன். நோய் இலை எல்லாத்துலயும் என் விரல் இருக்கு. நல்ல இலை எதுலயும் விரல் இல்லை. அதான் விரலையே நோய்னு போன் நினைச்சுக்கிச்சு." மூச்சு விட்டுக்கொண்டாள். "அப்புறம், அது இருநூறு இலை இல்லை. ஆறு."

கண்ணாடி அண்ணன் மடிக்கணினியைத் திறந்தார். படம் மேல் படமாக ஓடியது. நகம் கடித்த அதே கட்டைவிரல். அணில் தலையைத் தூக்கவில்லை. தன் காலடியில் கிடந்த ஒரு பச்சைக் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் ஒரு பத்து படத்தையாவது திறந்து பார்த்திருக்கணும்," என்றார் அண்ணன் மெதுவாக. "இருநூறுன்னு கேட்டதும் மயங்கிட்டேன்."

பூட்ஸ் அக்கா, "அத்தைகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நானும் வயல்ல வச்சுப் பார்க்கலை," என்றார்.

அத்தை போய்க் குழாயடியில் கை கழுவினார். அணில் பின்னாலேயே போனாள்.

"நான் வேற செடி நட்டுக் குடுக்கிறேன் அத்தை."

"நட்டா நாளைக்கே காய்க்குமா?"

அணில் குழாயைத் திருகி மூடினாள்.

"சனிக்கிழமை காலையில வா," என்றார் அத்தை கடைசியில். "ஓடி வராதே. நாத்து மிதிபடும்."

சனிக்கிழமை அவள் நடந்தே வந்தாள். குழி தோண்டி இருபத்து மூன்று நாற்றுகளையும் நட்டாள். ஒன்று சாய்ந்தது, பிடுங்கி மறுபடி நட்டாள். அலுவலகச் சுவரில் இருந்த தன் புகைப்படத்தை அவளே கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

வகுப்பே மறுபடியும் படம் எடுத்தது. இந்த முறை நல்ல இலையும் நோய் இலையும் தாளிலும் இருந்தன, கையிலும் இருந்தன. விதவிதமான கைகள். தோட்டம் தோட்டமாகக் கேட்டு அலைந்ததில் அணிலுக்கு ஒரு மாதத்தில் நாற்பத்தொரு நோய் இலைகள்தான் கிடைத்தன. நாற்பத்தொன்றும் வேறு வேறு செடிகள். கண்ணாடி அண்ணன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார்.

புதிய செயலி வந்த அன்று அத்தை வயலிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். புதுச் செடி ஒன்றில் பழுப்பாக ஒரு புள்ளி.

"இது நோயா, இல்லையா? நீ சொல்லு."

அணில் குந்தி உட்கார்ந்து இலையின் மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்துச் செடியையும் பார்த்தாள். முகம் சிவந்தது.

"தெரியலை அத்தை."

அத்தை போனைத் திருப்பிக் காட்டினார். 'உறுதியாகத் தெரியவில்லை. நிபுணரைக் கேட்கவும்' என்று இருந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சிருக்கீங்க போல," என்று சிரித்தபடி அவர் வரப்பில் உட்கார்ந்தார். "வா, உட்காரு. பூட்ஸ் வரட்டும். அதுவரைக்கும் நான் எதையும் பிடுங்கலை."