பக்கத்து இருக்கை இல்லாத வண்டி

எல்வுட் காலையில் கொட்டகைக்கு வந்தபோது வண்டி தயாராக நின்றது. மறுநாள் இண்டியானாபோலிஸில், செங்கல் பாவிய ஓடுதளத்தில் கார்ப் பந்தயம்; இதை ஓட்டப் போகிறவன் அவன்தான். மற்ற கார்களில் ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கம் ஒரு மெக்கானிக் உட்காருவான். பின்னால் வருகிற காரைப் பார்த்துச் சொல்வான், எண்ணெய்ப் பம்பைக் கையால் அடிப்பான். ஹோரஸ் கட்டிய இந்தப் பந்தயக் காரில் மெக்கானிக்குக்கு இடமே கிடையாது. அவன் எடை மிச்சம். காற்று வழுக்கிப் போகக் கூரான வால், பின்னால் பார்க்க ஒரு கண்ணாடி. பம்பையும் ஓட்டுகிறவனே அடித்துக்கொள்ள வேண்டும்.

"எல்லாம் புதுசுதானே?" என்று எல்வுட் கேட்டான்.

"ஆணி வரைக்கும் புதுசு," என்றார் ஹோரஸ், அவன் முகத்தைப் பார்க்காமல்.

புது வண்டியில் பெயிண்ட் வாசனை வரவேண்டும். இதில் கருகிய துணி நாற்றம் அடித்தது. ஹோரஸ் சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். எல்வுட்டுக்கு மனசு ஒப்பவில்லை. இருந்தாலும் ஓட்டிப் பார்க்க ஏறினான்.

செங்கல் அதிர்வில் கண்ணாடி குலுங்கித் தீர்த்தது. அதில் ஒன்றும் தெரியவில்லை. வளைவில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியதில் பம்பை அடிக்க மறந்தே போனான். வளைவு தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. எண்ணெய் ஏறாமல் என்ஜின் இறுகினால், இந்த வேகத்தில் உயிர் தப்பாது.

எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தான்.

அது இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது.

இடது முழங்கால் அருகே பம்பின் கைப்பிடி நிதானமாக மேலும் கீழும் போய் வந்தது. அவனுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.

கொட்டகைக்குத் திரும்பியதும் நேராக ஹோரஸிடம் போனான். "அடிச்சட்டம் எந்த வண்டியோடது?"

"இரும்பு இரும்புதாம்பா. நல்லா இருந்தத எதுக்குத் தூக்கிப் போடணும்?"

"நெட் செத்த வண்டியா?"

ஹோரஸ் திரும்பிக்கொண்டு ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். போன கோடையில் அவருடைய பழைய கார் கவிழ்ந்து எரிந்தபோது, மெக்கானிக் நெட்தான் அடியில் மாட்டிக்கொண்டான்.

"நாளைக்கு நான் ஓட்டல. என் உசுரு எனக்கு வேணும்."

"பயந்தாங்கொள்ளி. தள்ளு, நானே ஓட்டிக் காட்டுறேன்."

ஹோரஸ் ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்தபோது வண்டி நடக்கிற வேகத்தில் உருண்டது. என்ஜின் அணைந்தது. அவர் இறங்கவில்லை.

ஒரு ஆளுக்கே இறுக்கமான இருக்கை அது. அதில் அவர் வலது ஓரமாக ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன ஆச்சு? எறங்குங்க," என்றான் எல்வுட்.

ஹோரஸ் தலையைத் திருப்பாமல் கிசுகிசுத்தார்.

"மொதல்ல அவன எறங்கச் சொல்லு."