வூடு எங்க கீது

தென்துருவக் கடலில் போகும் அந்தச் சுற்றுலாக் கப்பலில் ஜைத் வேலைக்கு ஏறி நாற்பது நாளாகியிருந்தது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அறை. இரண்டடுக்குக் கட்டிலில் மேல்படுக்கை அவனுக்கு, கீழ்ப்படுக்கை வேளச்சேரி பாலுவுக்கு. வெளியே பனிக்கட்டிகள் இரும்பில் உரசிக்கொண்டே இருக்கும், யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல.

பயணிகள் ரப்பர் படகில் போய்ப் பென்குயின் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்களுடைய பூட்ஸில் அப்பியிருக்கும் பென்குயின் எச்சத்தைக் கழுவுவதுதான் ஜைத்துக்கு வேலை. அழுகின மீனும் கோழிக்கூண்டும் கலந்த நாற்றம். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விரல்கள் விறைத்து, வெடித்து, கடைசியில் போன் கண்ணாடிகூட அவன் தொடுவதை மதிக்காமல் போயிற்று. அதனால் வீட்டுக்கு எல்லாச் சேதியும் வாயால்தான். இவன் பேசினால் போன் எழுதும். பேச்சு நின்றால் தானே அனுப்பிவிடும். பாலு அப்படி அமைத்துக் கொடுத்திருந்தான். கப்பலிலிருந்து எழுத்து மட்டும்தான் போகும், குரல் போகாது.

இந்த மாதத்தில் இங்கே சூரியன் மறைவதே இல்லை. இருட்டு என்றால் அந்த அறைக்குள் மட்டும்தான்.

ஒரு மதியம் மேல்படுக்கையில் சரிந்து, போனை வாயருகே வைத்தான்.

"ஃபிசா, நல்லா இருக்கேன். உடம்புதான் அசதியா இருக்கு. அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது சேதி போயிருந்தது. மூட்டு வலியை வழக்கம்போல 'மூட்டை வழி' என்று எழுதியிருந்தது போன். அதற்குக் கீழே, அவன் சொல்லாத ஒரு வரி. அதில் மட்டும் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

வூடு எங்க கீது.

தங்கை பதில் போட்டிருந்தாள். "கப்பல்ல போய் இந்தப் பாஷைதான் கத்துக்கிட்டியா? வீடே மறந்துபோச்சாடா அண்ணா? கச்சேரி ரோடு, மாவு மிஷின் சந்து, ரெண்டாவது மாடி, பச்சைக் கதவு. போதுமா? அம்மா ஒரே சிரிப்பு. எப்ப வேணா வரச் சொல்லு, கதவு தொறந்தே இருக்கும்ங்கறாங்க."

ஜைத்தும் சிரித்தான். பாலு தூக்கத்தில் உளறியிருப்பான்.

கீழே எட்டிப் பார்த்தான்.

படுக்கை காலி. பாலுவுக்கு அன்று காலையிலிருந்தே மேல்தளத்தில் வேலை.

மூன்றாம் நாள், சட்டைப்பையில் கிடந்த போன் தானாக எழுதி அனுப்பியிருந்தது. 'அம்மா கைல சொல்லு. வந்துக்கினு கீறேன்.' திறந்த தளத்தில் பூட்ஸ் கழுவும் இடத்தில் அதைப் பாலுவிடம் காட்டினான்.

"நீ எதுக்கு நைனா எங்க பாஷைல எழுதற?"

"நான் எழுதல பாலுண்ணா."

பாலு குழாயை மூடினான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்.

"போன சீசன் உன் பெட்ல ஒருத்தன் இருந்தான். செம்பியன். அடையாறு ஆத்தோரம். இவன் கப்பல்ல இருக்க சொல்லோ அங்க குடிசைங்கள இட்ச்சிட்டாங்கோ. அம்மாவ எந்த மூலைல கொண்டுபோய் வுட்டாங்கன்னே தெர்ல. பாக்குற ஆளைலாம் புட்சி, 'வூடு எங்க கீது, வூடு எங்க கீது'ன்னு கேட்டுக்கினே இருந்தான் மச்சி. ஒரு நாளு இங்கதான் கழுவிக்கினு இருந்தான். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். பட்டப்பகல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க, அவன் கேட்டப்ப?"

"இன்னா சொல்றது? கடைசி வரைக்கும் யாருமே அவனுக்கு அட்ரஸ் சொல்லல."

ஜைத் போனைத் திருப்பிப் பார்த்தான்.

ஃபிசா சொல்லியிருந்தாள்.

அப்போது போன் அதிர்ந்தது. சென்னையில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான் இருப்பார்கள்.

"டேய் அண்ணா! வரேன்னு சொன்னது நிஜந்தானா? அதுக்குள்ள வந்து நிக்கிறியா? கதவு ஓட்டை வழியா பாத்துட்டேன். கப்பல் கோட்டு, பூட்ஸ் எல்லாம் தெரியுது. ஏன் தலையக் குனிஞ்சே நிக்கிற? படியெல்லாம் ஒரே ஈரம். கோழிக்கூண்டு மாதிரி நாத்தம் வேற. இரு, அம்மா தாப்பாள எடுக்கப் போறாங்க."

விரலால் குத்தினான். கண்ணாடி அசையவில்லை. மறுபடி குத்தினான். வெடிப்பிலிருந்து ரத்தம்தான் ஒட்டியது.

வாயருகே வைத்துக் கத்தினான். "தொறக்காத ஃபிசா! அது நான் இல்ல! தொறக்காத!"

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

தொறம்மா. குளிரா கீது.

போய்விட்டது.

இரண்டு டிக்கும் நீலமாயின.

பாலு அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். வெயில் பனிமேல் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. தூரத்தில் பென்குயின்கள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. ஜைத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

ஃபிசாவின் போனிலிருந்து ஒரு வரி வந்தது.

'அம்மா சோறு போட்டுக்கினு கீது.'