கம்பி போட்டுக் கட்டிய மாலை

மாலை மறுபடியும் கீழே கிடந்தது.

ஷிஜி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதை முறைத்தாள். சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு அவள் போட்ட சந்தன மாலை அது. முதல் தடவை விழுந்தபோது சுவரோரமாகக் கிடந்தது. இப்போது அறையைப் பாதி தாண்டி, கட்டில் காலருகே கிடந்தது. ஃபேன் காற்றில் பறந்திருக்கும் என்று முடிவு கட்டினாள். ஃபேனைப் போடவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஒரு ஆணிகூட உருப்படியா அடிக்கத் தெரியாத கூட்டம்" என்று முணுமுணுத்தாள்.

ஷிஜிக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம்தான். ராயபுரத்தில் இந்த வீட்டை வாங்கியதிலிருந்து அது இரண்டு மடங்காகியிருந்தது. தெருவில் காயும் வலை, வாசலில் கழுவும் மீன், கூப்பிட்டால் கூவுகிற குரல்கள், எல்லாமே அவளுக்கு மூக்கைச் சுளிக்க வைக்கும் விஷயங்கள். இவள் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தாள்? நாகர்கோவிலில் அம்மா வீட்டில் இருந்த பழைய வால்வு ரேடியோவை, இடத்தை அடைக்கிறது என்று காயலான் கடைக்குத் தள்ளிவிட்டவள் இவள். இப்போது எவர் வீட்டிலிருந்தோ அதே மாதிரி ரேடியோவைத் தேடி வாங்கிவந்து, ரெட்ரோ என்று பெயர் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் படுக்கையறையில் இல்லாத கருமாந்திரம் இல்லை. பித்தளைக் குமிழ் வைத்த இரும்புக் கட்டில், கறுப்புக் குமிழ் சுவிட்சு, எங்கேயும் பேசாத டெலிபோன், வயர் கூடை. ரீல்ஸில் பார்ப்பவர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள்.

அந்தப் போட்டோ மட்டும் அவள் வாங்கியதல்ல, வீட்டோடு வந்தது. ஸ்டூடியோ திரையில் தீட்டிய தாஜ்மகாலுக்கு முன்னால் அகலக் காலர் சட்டையோடு ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். தலைமுடியை மேலே தூக்கிச் சீவியிருந்தான். வீட்டை விற்ற செல்லம்மாவின் மகன் குமாரவேல். முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன், உடம்பு கரை ஒதுங்கவில்லை.

சாவி கொடுத்த அன்று செல்லம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போட்டோ அங்கியே கெடக்கட்டும்மா. மாலை கீலை மட்டும் போட்டுறாத."

கிழவி இன்னும் மகன் வருவான் என்று காத்திருக்கிறாள் என்று ஷிஜி புரிந்துகொண்டாள். அன்றைக்கு ராத்திரி புருஷன் ஆன்றோவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "மீன் தின்னு முடிச்சே எத்தனையோ வருஷம் ஆயிருக்கும். இதுக்குப் பாரு, மாலை போடக்கூடாதாம்!"

"உனக்கு எதுக்கு வம்பு? சும்மா கெடக்கட்டும் விடு" என்றான் ஆன்றோ.

மாலை இல்லாமல் படம் மொட்டையாக இருந்தது அவளுக்கு. பழைய வீட்டுக் களை வரவேண்டுமானால் சந்தன மாலை வேண்டும், அடியில் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு வேண்டும். செத்தவனுக்குத்தானே போடுகிறோம், இதில் கிழவிக்கு என்ன வந்தது?

ஆன்றோவுக்குச் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. அவன் கொண்டுவந்து போட்டிருந்த கட்டுக்கம்பியை எடுத்து, மாலையைச் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றி, குறடால் முறுக்கினாள். கண்ணாடியில் குமாரவேலின் வாய்க்கு நேராக ஈரம் பூத்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். ஈரம் உள்பக்கம் இருந்தது.

"இப்ப விழு, பார்ப்போம்" என்றாள் அவனிடம். புது ரீல்ஸ் எடுத்துப் போட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் மகள் ரூத் அந்தக் கட்டிலில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தாள். ஐந்து வயதுக் குழந்தை, குமிழ்களைத் திருகி விளையாடிக்கொண்டே தூங்கிப்போனாள். ஷிஜி கதவை ஒருக்களித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வழக்கமான அந்த கேஸ் நாற்றம் வந்தது. எழுந்து ஜன்னல்களைச் சாத்தினாள். சாத்திய பிறகு கேஸ் நாற்றம் மெல்ல அடங்கியது, அதற்கு அடியில் இருந்த இன்னொரு நாற்றம் அடங்கவில்லை. மீன் நாற்றமென்று முதலில் வாசலைத் திட்டினாள். ஆனால் மீன் இல்லை. வெகுநாள் ஊறிய கயிறும், கறுத்த சேறும், உப்பும் கலந்த குளிர்ச்சியான வாடை. அது வாசலிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சமையலறைக் குழாயை இறுக்கிப் பார்த்தாள். சாக்கடை மூடியைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எங்கேயோ சொட்டுச் சொட்டாக நீர் விழுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வாசல் கதவு தட்டப்பட்டது. செல்லம்மா நின்றிருந்தாள். எர்ணாவூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவளுக்கு மூச்சு இரைத்தது.

"பேத்தி போன்ல காட்டுச்சு. மாலை போட்டியா?"

ஷிஜி வழிவிடவில்லை. "ஆமா. இன்னும் எத்தனை வருஷத்துக்கு ஆயா, அவர் உயிரோட இருக்கார்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க?"

செல்லம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. ஷிஜியை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த இளக்காரம் ஷிஜிக்கு நன்றாகத் தெரிந்ததுதான், அது தன்மேல் திரும்பியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அவன் பூட்டான்னு பெத்தவளுக்குத் தெரியாதா? அவனுக்குத்தாம்மா தெரியாது. தெரியாமத்தான் இத்தினி வருஷம் கம்முனு கெடந்தான். நீ சொல்லிட்ட."

"நான் என்ன சொன்னேன்?"

"செத்துட்டடான்னு. மூஞ்சிக்கு நேரா." செல்லம்மாவின் கண் அவளைத் தாண்டி உள்ளே போனது. "மாலை கீய வுழுந்துச்சா?"

"ரெண்டு தடவை."

"வேணான்னு கயட்டிப் போட்டுக்கீறான். அப்பவே வுட்டிருக்கணும். நீ இன்னா பண்ணே?"

"கம்பி போட்டுக் கட்டினேன்."

கிழவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாரு கய்த்துலயாவது அத்தப் போட்டாத்தான் அந்தச் சாவு அவன வுட்டுப் போவும். உள்ள யாரு கீறா?"

உள்ளே, படுக்கையறையில், முறுக்கிய கம்பி அறுகிற சத்தம் கேட்டது.

"ரூத்!"

ஓடினாள். நாலு எட்டு வைத்தால் வந்துவிடும் அறை. மொசைக் தரை காலடியில் வழுக்கியது. தண்ணீர். குளிர்ந்த தண்ணீர். கட்டில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கனமான ஒருவர் உட்காரும் சத்தம். பிறகு எழுந்திருக்கும் சத்தம். கதவைத் தள்ளினாள். ஊறிப் பெருத்த பலகை அசையவில்லை. தோளால் இடித்தாள். மறுபடி இடித்தாள். கதவு திறந்தது.

சிவப்பு பல்பு எரிந்தது. அறையில் யாரும் இல்லை. கட்டிலின் ஓரத்தில், மெத்தையில், ஒருவர் உட்கார்ந்து எழுந்த பள்ளம். அதில் தண்ணீர் தேங்கியிருந்தது.

சுவரில் அறுந்த கம்பி தொங்கியது. குமாரவேல் தாஜ்மகாலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஒன்றும் இல்லை. தூக்கிச் சீவிய முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

ரூத் மல்லாந்து படுத்திருந்தாள். கைகளை யாரோ நேராக எடுத்து வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றி, நெஞ்சின் மேல், சந்தன மாலை.

"ரூத்து... மக்களே..."

கண்ணாடியின் உள்பக்கம், அவன் வாய்க்கு நேராக ஆவி படிந்தது. விலகியது. மறுபடி படிந்தது. மறுபடி விலகியது.

ஷிஜி மாலையைப் பார்த்தாள். குழந்தையின் நெஞ்சில் அது அசையவே இல்லை.