துணைக்கூட்டு

பிலோமினாவின் விண்ணப்பத்தைத் துணை மையம் மறுபடியும் திருப்பி அனுப்பியது. "உங்கள் துணைக்கூட்டு தனிமைக்கோட்டுக்கு மேல் உள்ளது. மனிதத் துணை தேவையில்லை." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேரிலேயே புறப்பட்டாள்.

தூத்துக்குடியில் எல்லோர் கழுத்திலும் கழற்ற முடியாத ஒரு பேச்சுப்பதிவி தொங்கியது. யாரோடு எதைப் பேசினாலும் அது ஒரு வரியாகப் பதிந்துவிடும். சொற்களை அது வைத்துக்கொள்வதில்லை. பேச்சின் வகையை மட்டும் குறித்துக்கொள்ளும். வணக்கம், விசாரிப்பு, சண்டை, ஆறுதல், சிரிப்பு என ஒவ்வொரு வகைக்கும் மைய அட்டவணையில் ஒரு மதிப்பு இருந்தது. கடந்த ஒரு மாதத்து வரிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய மதிப்பை அட்டவணையில் தேடி எடுத்து, எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் இயந்திரத்துக்குக் கூட்டி என்று பெயர். துணைக்கூட்டு எனப்படும் அந்தத் தொகை தனிமைக்கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு மனிதர் வீடு தேடி வருவார். இந்த ஏற்பாடு வந்த பிறகு ஊரில் யாரும் கவனிப்பாரின்றிச் செத்துக் கிடந்ததில்லை.

"என் வீட்டுக்காரர் போனதுலேருந்து நான் யாரோடயும் உக்காந்து பேசல," என்றாள் பிலோமினா.

மையத்தில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "வரி நெறைய இருக்கே அம்மா. லிப்டுல வணக்கம், கடையில வணக்கம், மீன்காரம்மாகிட்ட விசாரிப்பு..."

"அதெல்லாம் ஒரு பேச்சா?"

"சின்ன மதிப்புதான். முந்தியெல்லாம் கூட்டி ஒரு ஆள் பேருல முதல்ல கிடைக்கிற வரியோட நின்னுரும். அது தப்புன்னு சனங்க சண்டை போட்டாவ. இப்ப அத்தனை வரியையும் தேடிக் கூட்டுது. சின்னச் சின்னதா சேந்து கோட்டைத் தாண்டிருது." பிறகு அந்தப் பெண் தன் பதிவியைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "வரி கொறஞ்சா தொகை கொறையும்."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள் பிலோமினா. உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பழகியவள். ஆனால் அப்போது சாயங்காலம் வீட்டில் ஒருவர் காத்திருந்தார்.

அவள் பேச்சை நிறுத்தினாள். லிப்டில் சுவரைப் பார்த்து நின்றாள். எதிர்வீட்டுக் கொம்பையா அண்ணாச்சி கொஞ்ச நாளாகவே அவளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்ன கோபமோ என்று வருந்தியவளுக்கு இப்போது அது வசதியாகப் போயிற்று. மீன்காரம்மாவிடம் கையைக் காட்டியே சாளை வாங்கினாள். "என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்று அந்தம்மா கேட்டபோது பிலோமினா உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது அழுகை வந்தது.

ஒருவழியாகத் தொகை இறங்கியது. மையம் அனுப்பிய ரஹ்மத் வந்தாள்.

நடுவயதுக்காரி. வந்ததும் தரையில் உட்கார்ந்து, பிலோமினாவோடு சேர்ந்து இறால் உரிக்கத் தொடங்கிவிட்டாள். பூசையில் தூங்கிக் குறட்டை விட்டுப் பாதிரியாரையே நிறுத்தவைத்த கணவரைப் பற்றி பிலோமினா சொன்னாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு, ஃபேனைக் குறைக்கச் சொன்ன அவர், அவள் குறைத்துவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டதையும் சொன்னாள். ரஹ்மத் ஈரக்கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புறப்படும்போது பிலோமினா கேட்டாள். "அடுத்த வாரம் வருவியா?"

ரஹ்மத் தயங்கினாள். "ஆறுதலுக்கும் சிரிப்புக்கும்தான் அட்டவணையில பெரிய மதிப்பு அக்கா. இன்னைக்கு ரெண்டும் ஆயிட்டு. உங்க தொகை கோட்டைத் தாண்டியிருக்கும்."

"அப்போ?"

"யார்கிட்டயும் பேசாம இருங்க. இந்த வரியெல்லாம் பழசானதும் வாரேன். இந்த மாடியில எல்லாரும் அப்படித்தான் இருக்காவ. கொம்பையா அண்ணாச்சியும்தான்."

அவள் போன பிறகு பிலோமினா நடைவழியில் நின்றாள். மூடிய கதவுகள் வரிசையாக இருந்தன. இத்தனை பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாயைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எதிர்க்கதவைத் தட்டினாள்.

கொம்பையா பாதிக் கதவைத் திறந்தார். முகம் மழித்திருந்தார். உள்ளே தரை துடைத்த ஈரம் காயவில்லை. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருந்தன.

"அண்ணாச்சி..."

அவர் பதறி, தோள் துண்டைப் பதிவியின் மேல் சுற்றி இறுக்கினார். உதடு மட்டும் அசைய, "ஒண்ணும் பேசாத தாயி. நாளைக்கு எனக்கு ஆள் வருது," என்றார்.

நாம் இருவரே பேசிக்கொள்ளலாமே என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். அவருடைய கண்களைப் பார்த்தாள். இந்த ஒரு நாளுக்காக அவர் எவ்வளவு காலம் வாயைக் கட்டியிருந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினாள். அவர் நன்றியோடு கைகூப்பி, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

தான் சொல்லிவிட்ட அந்த ஒரு சொல் அவர் பேரில் ஒரு வரியாக ஏறியிருக்கக் கூடாதே என்று வேண்டியபடி பிலோமினா தன் வீட்டுக்குள் போனாள்.