கழுகுக்கரட்டில் ஒரு பன்றித்தலை

மூன்றாவது குகையும் காலி. கால்நடை மருத்துவர் பொற்கொடி டார்ச்சை அணைத்துவிட்டு, வழிகாட்டி வந்த மாசிலாமணியை முறைத்தாள். காலை ஆறு மணிக்குக் கழுகுக்கரட்டின் அடிவாரத்திலிருந்து கிளம்பியது. இப்போது மணி பதினொன்று.

“இங்கதானுங்க தொங்கவிட்டேன். நரி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“முதல் குகையிலயும் நரி, ரெண்டாவதுலயும் நரி. அதுக்கு வேற வேலையே இல்லையா?”

ஐஸ் பெட்டி சுமந்து வந்த அவளுடைய உதவியாளர் ஞானப்பிரகாசம் பாறையில் உட்கார்ந்தார். “மாட்டுக்கு ஊசி போடறப்ப கயிறு பிடிக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். மலை ஏறணும்னு யாரும் சொல்லல.”

அவர்கள் தேடி வந்த புதையல் ஒரு காட்டுப்பன்றித் தலை. இருபது நாளுக்கு முன் மாசிலாமணியும் அவன் மச்சான் தங்கராசுவும் கம்பிக் கண்ணியில் பன்றி பிடித்து, அரைவேக்காட்டில் சுட்டுத் தின்று, ஊரிலும் சிலருக்குப் பங்கு கொடுத்திருந்தார்கள். இப்போது தங்கராசு முகம் வீங்கி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பன்றிக்கறியிலிருந்த புழு தசைக்குள் புகுந்திருக்கும் என்று டாக்டருக்குச் சந்தேகம். அவனோ வேட்டை வழக்குக்குப் பயந்து, ஆட்டுக்கறியைத் தவிர எதையும் தொடவில்லை என்று சாதித்தான். அவன் மனைவிதான் பொற்கொடியிடம் ஓடி வந்து உண்மையைச் சொன்னாள். புழுவைக் கண்ணால் பார்த்துவிட்டால் தயங்காமல் மருந்து தொடங்கலாம். மிச்சமிருந்தது தலை மட்டும். கண்ணி வைத்தவனுக்குத் தலை என்பது ஊர் வழக்கம். புகையூட்டி, முப்பது நாள் மலையில் தொங்கவிட்டு, மலைச்சாமிக்குப் படைத்த பிறகே அதைத் தொடலாம்.

“நாள் ஆகறதுக்குள்ள தொட்டா, அப்புறம் கண்ணியில ஒண்ணும் விழாதுங்க” என்று முனகினான் மாசிலாமணி.

“விழ வேண்டாமே. பன்றியாவது நிம்மதியா இருக்கட்டும்” என்றவள், சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். “நீயும் அதே கறியைத் தின்னவன்தானே? கையைத் தூக்கு.”

தூக்கினான். தோள் உயரத்துக்கு மேல் கை எழவில்லை. முகம் வெளுத்தது.

“எத்தனை நாளா?”

“நாலு நாளாங்க.” தலையைக் குனிந்துகொண்டே மேலே காட்டினான். “அந்தத் தேனடைக்குப் பக்கத்துப் பொந்துல இருக்கு.”

இருபதடிச் செங்குத்துப் பாறை! மாசிலாமணியால் ஏற முடியாது. ஞானப்பிரகாசம் வானத்தைப் பார்த்தார். பொற்கொடி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, வேர்களைப் பிடித்து ஏறினாள். பாதியில் கால் வழுக்கியது. வேர் பிடிமானம் கொடுத்தது. பொந்துக்குள் கைவிட்டபோது தேனீக்கள் கிளம்பின. கழுத்தில் இரண்டு, காதில் ஒன்று கொட்டின. பல்லைக் கடித்துக்கொண்டு புகையேறிய தலையைக் கோணியில் போட்டுக் கீழே இறக்கினாள்.

மாலை நான்கு மணிக்கு, பன்றி நாக்கின் துணுக்கு இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுங்கியது. மைக்ராஸ்கோப்பில், தசை நார்களுக்குள் கடிகாரச் சுருள் போலப் புழுக்கள். புகை அவற்றின் உருவத்தைக் கூடக் கலைக்கவில்லை. அன்றே தங்கராசுவுக்கு மருந்து தொடங்கியது. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தான்.

“கேஸ் வந்தா வரட்டும்” என்று சொல்லி, கறி தின்றவர்களையெல்லாம் மாசிலாமணியே வீடு வீடாகப் போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான். வரிசையைச் சரிபார்த்த பொற்கொடி கடைசி ஆளிடம் வந்ததும் நின்றாள்.

“ஞானப்பிரகாசம், நீங்க எதுக்கு இங்க நிக்கிறீங்க?”

“ஒரே ஒரு துண்டுதாம்மா.”

“நாள் பூரா என்கூடத்தானே மலை ஏறினீங்க? வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?”

“திட்டுவீங்கன்னுதான்.”

தின்றதை மறைத்தால் டாக்டரால் பாதி வைத்தியம்தான் பார்க்க முடியும் என்று அவருக்குப் புரிகிறவரை பொற்கொடி திட்டியதில், வரிசை கால் மணி நேரம் நகரவில்லை.