டேப்பின் மறுமுனை

டேப் தொண்ணூற்றாறு அடி காட்டியது. தரகர் நூறு என்றிருந்தார்.

"டேப் தொய்ஞ்சிருக்கும் மேடம்," என்றார் அவர், ஷட்டருக்கு வெளியே வெயிலில் நின்றபடி.

தொய்ந்தால் அளவு கூடத்தான் செய்யும், குறையாது. அது அவளுக்குத் தெரியும். தரகர் வாயில் நூறு என்றால் நாலைந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இது ஆறாவது ஷெட். இதுவும் வேணாம்னா இனி நான்தான் கொத்தனாரா மாறணும்." அவர் குரல் காலி ஷெட்டுக்குள் போய் முட்டித் திரும்பியது. "கரண்ட் பெட்டி பூட்டிக் கிடக்கு. சாவி எடுத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க. சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது."

வண்டிச் சத்தம் தேய்ந்தது.

அவளுடையது அட்டைப்பெட்டித் தொழில். மெஷின்கள் வரிசையாக நிற்க எழுபது அடி வேண்டும். பழைய இடத்தை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வேலை செய்யும் பதினோரு பெண்களும் அடுத்த மாதம் எங்கே வருவது என்று தினமும் கேட்கிறார்கள்.

ஜன்னல் இல்லாத ஷெட். ஷட்டர் வழியே வந்த வெளிச்சம் முப்பது அடி போய் நின்றுவிட, அதற்கப்பால் பழைய எண்ணெயும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடை இருட்டோடு சேர்ந்து கிடந்தது. காய்ந்த தகரக் கூரை ஒரு மூலையில் டிக் என்றது, கொஞ்சம் பொறுத்து வேறொரு மூலையில் டிக் என்றது, மேலே யாரோ நகத்தால் தட்டித் தட்டி இடம் பார்ப்பதைப் போல. டேப்பின் வளையத்தைக் கடைசிச் சுவரில், இடுப்பு உயரத்திலிருந்த ஒரு போல்ட்டில் மாட்டிவிட்டு வந்திருந்தாள். பிடிக்க ஆள் இல்லை.

முன்பு தங்கை பிடிப்பாள். மெஷின் இரைச்சலில் கத்திப் பயனில்லை என்பதால் இருவருக்கும் ஒரு பாஷை இருந்தது. ஓர் இழுப்பு என்றால் பொறு. இரண்டு என்றால் பிடித்துவிட்டேன், படி. "நீ படிச்சா ரெண்டு இஞ்ச் கூடும்க்கா. ஆசையையும் சேர்த்துப் படிப்பே," என்பாள். காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். இரண்டு வருடமாக ஆணியும் போல்ட்டும்தான் துணை.

டேப் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றி டேப்பை விறைப்பாக்கினாள். மறுபடி படித்தாள். எண்பத்தெட்டு.

போல்ட் கழன்றிருந்தால் டேப் தரையில் விழுந்திருக்கும். விழவில்லை. செல்போன் விளக்கை நீட்டினாள். டேப் மஞ்சளாகப் போய் இருட்டில் முடிந்தது.

அங்கிருந்து இரண்டு இழுப்பு வந்தது.

மெதுவாக. விரலுக்குத் தெரிகிற அளவு.

"யாரு?"

குரல் திரும்பவில்லை. சரக்கு நிறைந்த இடத்தில்தான் குரல் இப்படி அமுங்கும்.

தரகருக்குப் போன் செய்தாள். "உள்ளே யாராவது இருக்காங்களா?"

"மூணு வருஷமாப் பூட்டிக் கிடந்த இடம் மேடம். எலி இருந்தா உண்டு. எடுத்துக்கறீங்களா?"

"இருங்க," என்று வைத்துவிட்டாள்.

ஷட்டர் முதுகுக்குப் பின்னால் இரண்டடி. டேப்பைக் கீழே போட்டுவிட்டு நடந்தால் போதும்.

இரண்டு முறை இழுத்தாள்.

பதில் உடனே வந்தது. தங்கை இழுப்பது போலவே. முதலாவது சின்னதாக, இரண்டாவது கொஞ்சம் நீளமாக. நெஞ்சுக்குள் எதுவோ இளகியது. டேப் தொய்ந்தது. தொய்ய விடக்கூடாது. சுற்றினாள்.

"எழுபத்தொண்ணு," என்றாள் பழக்கத்தில், சத்தமாக.

இரண்டு இழுப்பு. தொய்வு. சுற்றினாள்.

"அறுபத்திரண்டு."

இனி மெஷின்கள் நிற்காது. அது இப்போது பெரிதாகத் தெரியவில்லை.

"ஐம்பது."

மூன்று இழுப்பு வந்தது.

அவர்கள் பாஷையில் மூன்று கிடையாது.

நிறுத்த நினைத்தாள். கை சுற்றியது. நாற்பது. தங்கை குள்ளம், வளையத்தை இடுப்பில் வைத்துத்தான் பிடிப்பாள். டேப் இப்போது மேல்நோக்கி ஏறியிருந்தது.

முப்பத்தைந்து. வாடை மாறியது. ஒன்பது நாள் மாற்றாத தலையணையின் வாடை.

போன் அடித்தது. எடுக்க ஒரு கை வேண்டும். இரண்டும் டேப்பில் இருந்தன.

முப்பது. வளையம் வெளிச்சத்துக்குள் வந்தது. அவள் தலை உயரத்துக்கும் வெகு மேலே. அதைப் பிடித்தபடி எதுவும் இல்லை.

இருபது.

பத்து.

டேப் அவள் கையிலிருந்து நேரே மேலே போனது. விறைப்பாக. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

இரண்டு இழுப்பு. படி.

"மூணு," என்றாள்.

"ரெண்டு இஞ்ச் கூட்டிட்டேக்கா," என்றது உச்சந்தலைக்கு அருகே, தங்கையுடையதல்லாத குரல்.

கை சுற்றிக்கொண்டிருந்தது.